ஒரே பெயரில் மூன்று பாட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தைக்கச் சொல்லக் கீழ்வீட்டுக்குப் போன எதிர்வீட்டு அக்கா, இடையில் எழுந்து வர மனமில்லாமல் முழுவதையும் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அதில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

எங்கள் கீழ்வீட்டு அண்ணன் விழாக்களுக்கு மைக்செட் போடுகிறவர். அவர் வீட்டு முன்னறை ஜன்னலை மறைத்தபடி ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. பீரோ மாதிரி நிற்கும். ஒரு கைக்குட்டைகூட உள்ளே வைக்க முடியாது. அண்ணி தையல்காரர். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவருக்குத் தலைவலி. பெட்டிகள் கொல்லைக் கொட்டகைக்குப் போகட்டும், மெஷின் ஜன்னலுக்கு வரட்டும் என்பது அவர் கட்சி. பெட்டிக்கு ஈரக்காற்று ஆகாது என்பது அண்ணன் கட்சி. அண்ணிக்கு ஆகாதது எதுவென்று யாரும் கேட்டதில்லை.

அன்று பேச்சு முற்றிவிட்டது. கல்யாண மண்டபத்தில் இந்தப் பெட்டியில் பாட்டு ஓடும்போதுதான் உன்னை முதன்முதலாகப் பார்த்தேன், அதையா தூக்கிப் போடச் சொல்கிறாய் என்று அண்ணன் உருகினார்.

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"என்ன பாட்டு?"

சரியாகச் சொன்னால் பெட்டிகள் இங்கேயே இருக்கும், இனி வாயே திறக்க மாட்டேன். தப்பினால் இன்றைக்கே கொட்டகை என்றார் அண்ணி. எதிர்வீட்டு அக்காதான் சாட்சி.

அண்ணனுக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் தொழில்காரர் அல்லவா. "வாசல் திறந்தது" என்றார். அந்தப் பெயரில் ஒரு பக்திப் பாட்டு உண்டு, சினிமாக் காதல் பாட்டு உண்டு, ராப் பாட்டும் உண்டு. விழா வீட்டார் அதைக் கேட்டால், எது என்று மைக்செட்காரர்கள் திருப்பிக் கேட்பது வழக்கம். அண்ணி மனதில் எது இருந்தாலும் ஒன்றில் விழுந்துவிடும் என்பது திட்டம்.

"அதேதாங்க" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு உயிர் வந்தது.

"மூணுல எதுன்னு போட்டுக் காட்டுங்க. ஒரே ஒரு தடவைதான்."

வந்த உயிர் வாசலோடு திரும்பியது. கூட்டம் அழுததா, ஆடியதா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தார்.

"பாட்டுப் போட்டது நீங்களா, நானா?"

பெட்டியோடு இணைத்த போனில் அண்ணன் விரல் பக்திக்குப் போனது. அண்ணியின் முகத்தில் ஒன்றுமில்லை. ராப்புக்கு நகர்ந்தது. ஒன்றுமில்லை. சுவரைப் பார்த்து ஜோசியம் கேட்டதுபோல் ஆயிற்று. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு காதலை அமுக்கினார்.

இரண்டு வரி ஓடியது. அண்ணியின் கண்கள் கலங்கின. அண்ணன் பெட்டிமேல் கையைப் போட்டுச் சாய்ந்து நின்றார்.

"நல்ல பாட்டு. ஆனா அன்னிக்குக் கரண்ட்டே இல்லையேங்க."

"மண்டப ஜெனரேட்டர்ல போட்டிருப்பேன்."

"அதுக்கு டீசல் வாங்கப் போனதே நீங்கதானே. கையில கேனோட வந்து, பங்க் எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டீங்க. அப்பதான் என்னைப் பார்த்தீங்க."

அண்ணன் பெட்டிமேலிருந்து கையை எடுத்தார்.

"ஆமா" என்றார். "மஞ்சக் கேன்."

சாயங்காலத்துக்குள் பெட்டிகள் கொட்டகைக்குப் போயின. சுமந்தவரும் அண்ணனே. மெஷின் ஜன்னலோரம் வந்தது. மறக்க இருந்த நாளை மனைவி நினைவூட்டிவிட்டாள் என்று பார்ப்பவரிடமெல்லாம் அந்தக் கேனைப் பற்றிச் சொல்கிறார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் அந்த மண்டபத்துக்கே போய், அவர்கள் பார்த்துக்கொண்ட நாளைப் பற்றி அங்கே பல வருஷமாக இருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் விசாரித்தேன். அது மண்டப முதலாளியின் சொந்த வீட்டு விசேஷம், ஒரு நிமிடம் கரண்ட் போயிருந்தாலும் தனக்கு அன்றோடு வேலை போயிருக்கும் என்றார். ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"ஜெனரேட்டரா? அதை வாங்கினதே போன வருஷம்தான் தம்பி."