எலி சாரின் அச்சு வேலை

எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் மாவாட்டக் கூடாது என்று சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தாலும் நடக்காது. எலி சாரால் நடந்தது.

விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தார். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஆராய்ச்சி எலி மூளையில். சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. தபால்காரரே, "எலி சார் மாடியில இருக்காகளா?" என்றுதான் கேட்பார்.

ஒருநாள் பெரிய பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தார். "பிரிண்டர், அண்ணாச்சி" என்றார். நான் சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் இருபத்தைந்து வருடமாக மெஷின் ஓட்டுகிறவன். நம்ம தொழிலுக்கு வந்துவிட்டாரே என்று சந்தோஷமாகி, "எத்தனை கலர் சார்?" என்றேன்.

"ஒரு கலர்தான்."

"ஸ்பீடு எப்படி?"

"ஒண்ணு அடிக்க ஒம்பது மணி நேரம் ஆகும்."

அன்றைக்கே அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை போய்விட்டது. ஒன்பது மணி நேரம் கொடுத்தால் நான் ஒரு மாவட்டத்துக்கே காலண்டர் அடித்துவிடுவேன்.

அது காகிதத்தில் அடிக்கிற மெஷின் இல்லை. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, அடுக்கடுக்காக ஊற்றிப் பொருளையே செய்துவிடுகிற மெஷின். அவர் செய்ய நினைத்தது தீப்பெட்டி அளவில் ஓர் அச்சு. நடுவில் எலி மூளை கச்சிதமாக உட்கார ஒரு குழி, குறுக்கே சீரான இடைவெளியில் கீறல்கள். கீறலில் பிளேடை இறக்கினால் மூளை ஒரே கனத்தில் துண்டு துண்டாக வரும். உலோகத்தில் செய்தது வெளிநாட்டில் கிடைக்கிறது. கல்லூரியில் அந்த விலையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டரில் தானே வரைந்து, தானே அடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஒத்திகைக்கு நிஜ மூளையைத் தொடமாட்டார். இனிப்பு செய்கிற கடல்பாசியைக் காய்ச்சி, எலி மூளை வடிவில் ஊற்றி, எங்கள் பிரிட்ஜில் வைப்பார். ஆலங்குளத்திலிருந்து வந்த என் மச்சினன் அதில் ஏழெட்டைத் தின்றுவிட்டு, "அக்கா, பாசியில சீனி போட மறந்துட்டியா?" என்றான். விஷயம் தெரிந்த பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எலி சாரும் வருத்தப்பட்டார், ஆனால் அவனுக்காக இல்லை. "அம்புட்டும் அளவெடுத்து வச்சது மதினி" என்றார் என் மனைவியிடம்.

கரண்டு விஷயம் அதைவிட மோசம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் மெஷின் நின்றுவிடும். எட்டாவது மணி நேரத்தில் நின்றாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் மனைவி மிக்ஸியைத் தொட்டால் போதும், மாடிப்படியில் அவர் தலை தெரியும். "மதினி, இன்னும் நாலு மணி நேரம் பொறுத்துக்கிடுங்க." சட்னி இல்லாத இட்லி தின்று அலுத்து, ஒரு சனிக்கிழமை அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அவுக இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்று ஞாயிறு காலையில் மாடியேறினேன். மேஜைமேல் அச்சுகள் குவிந்து கிடந்தன. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"இதுல என்ன சார் குறை?"

"அஞ்சாவது கீறல் ஒரு முடி அளவு சரிஞ்சிருக்கு அண்ணாச்சி."

"ஒரு முடிக்காகவா நாங்க சட்னி இல்லாம சாப்பிடுறோம்?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு மூளைக்கும் ஒரு எலி சாகுது. துண்டு கோணலாப் போச்சுன்னா அதத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணக் கொல்லணும். அப்படி நாலஞ்சு எலிய வீணாக்கிட்டேன். அதுக்குப் பிறகு எனக்குக் கை ஓடல."

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினேன். "சொல்லிட்டீகளா?" என்றாள் மனைவி. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். டிரான்ஸ்பார்மரில் கோளாறு, சாயங்காலம்வரை கிரைண்டர் போட்டால் மோட்டார் எரிந்துவிடும் என்று வீடுவீடாகப் புளுகிவிட்டு வந்தேன்.

அன்று அடித்தது சரியாக வந்தது. மறுவாரம் கல்லூரியில் அதை வைத்து வெட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், "ஒண்ணுகூட வீணாகல அண்ணாச்சி" என்றார். அந்த வரைபடத்தைக் கேட்ட கல்லூரிக்கெல்லாம் சும்மாவே அனுப்பினார். "வித்திருக்கலாமே சார்" என்று எரிந்து விழுந்தேன்.

"அங்கனயும் எலிதானே சாகுது" என்றார்.

இந்த வருடம் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாடியைக் கேட்டு இதுவரை மூன்று பேர் வந்தார்கள். வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வெள்ளையடித்து இரண்டு மாதம் ஆகிறது.