அம்மாவைச் சுரண்டி அப்பா எழுதிய கட்டுரை

அநியாயம் செய்யப்பட்டவர் என் அம்மா கமலாத்தாள். செய்தவர் என் அப்பா காளிச்சாமி. ஆயுதம், பாதி மழுங்கிய ஒரு சவர பிளேடு.

ரத்தம் எதுவும் சிந்தவில்லை. மைதான் சுரண்டப்பட்டது. ஆனால் சுரண்டல் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கியது. பாலக்காட்டில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பொருளாதாரம் பிரதான பாடம், தர்க்கம் துணைப் பாடம். சுரண்டலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். நம் வீட்டுப் பலகையிலேயே உட்கார்ந்து ஒருவர் அதைச் செய்வார் என்று எந்தப் பேராசிரியரும் எச்சரிக்கவில்லை.

அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். எல்லாம் அங்கேதான் புகைந்தது.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோட்டத்து வீட்டில் அம்மா எரிப்பது பருத்திமாரும் தென்னமட்டையும். மழைக்காலத்தில் அவை எரியாது. புகையும். அம்மா ஊதுவாள். அது இன்னும் புகையும். நான் பிறந்ததிலிருந்து அம்மாவின் கண் சிவப்பு. கண்ணின் நிறமே அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன லீவில் வந்திருந்தபோது கிராமசேவகர் ஒருவர் சைக்கிளில் வந்தார். "உங்ககிட்ட ரெண்டு எருமை, ஒரு பசு இருக்குது. சாணியைக் குழியில கரைச்சு ஊத்துனா கேஸ் வரும். புகையே இல்லாம சமைக்கலாமுங்க" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஊதுகுழலோடு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததில்லை.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எங்க பரம்பரையில கேஸுன்னு எவனும் கோர்ட்டுப் படி ஏறுனதில்லீங்க. ஊட்டுக்குள்ளயே கேஸைக் கொண்டாறீங்களா? போயிட்டு வாங்க."

கிராமசேவகர் போய்விட்டார். நான் போகவில்லை.

"ஏனுங்கப்பா வேண்டாம்னீங்க?"

"அடுப்புங்கறது அக்கினி, அம்மிணி. அக்கினிக்கு வெறகு. பூமிக்குச் சாணி. அது நம்ம பண்பாடு. மாத்தப்படாது."

"வறட்டி எரிக்கறமே, அது சாணி இல்லீங்களா?"

"அது காஞ்ச சாணி."

"காஞ்சா அது ஜாதி மாறிப் போயிருமுங்களா?"

"இத பாரு. மனுசனே காத்துப் பிரியறதுன்னா நாலு பேருக்குத் தெரியாம அக்கட்டால போயிடறான். மாட்டோட காத்துல சாம்பார் வெச்சு, அதை நான் சம்மணம் போட்டு உக்காந்து திங்கோணுமா?"

இதற்கு என்னிடம் தர்க்கரீதியான பதில்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான் அம்மா பக்கம் திரும்பினேன். "நீயாவது சொல்லும்மா!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டுக்கு அடியில் இருந்தவரிடம் சொன்னாள்: "சரிங்க."

அம்மாவின் அந்த 'சரிங்க' தமிழிலேயே மோசமான சொல் என்று அப்போது எனக்கு ஒரு கருத்து இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் காலேஜு' என்று கூடி நின்றபோது, என் டிரங்குப் பெட்டியைத் தன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவர் அவர். அதற்காக அவரை விட்டுவிடலாமா? தர்க்கம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது பிளேடு.

என் தங்கை சந்தனம் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த லீவுக்கு நான் வந்திருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தம் வீட்டைப் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். நம் பண்பாடு, எதையும் வீணாக்காத வாழ்க்கை, நான் வளர்ந்த விதம் என்று மூன்று பகுதி. முதலாவதாக வருவதை ஆண்டு விழாவில் வாசிப்பார்கள். அந்த வீட்டுப் பெரியவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள்.

பொன்னாடை என்றதும் அப்பாவின் தோள் அரித்தது. சந்தனம் எழுதியதை வாங்கிப் புரட்டினார்.

"என்ன கண்ணு இது? பக்கத்துக்குப் பக்கம் அம்மா, அம்மான்னு! பசுமாடு எழுதுனாப்பல இருக்குது."

"எல்லாம் அம்மாதானுங்களே செய்யுது."

"செய்யறது அம்மா. செய்ய உடறது ஆரு?"

இந்தக் கேள்விக்குச் சந்தனத்துக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா பிளேடை எடுத்தார். 'அம்மா' என்று கண்ட இடத்திலெல்லாம் 'ம்மா'வைச் சுரண்டி 'ப்பா' எழுதினார். வாக்கியத்தைப் படிக்கவில்லை. வார்த்தையை மட்டும் வேட்டையாடினார்.

"இது சுரண்டலுங்கப்பா!" என்று கத்தினேன்.

"சுரண்டாம? இங்க்கு என்ன ரப்பருக்கு அழியுமா?"

அம்மா எருமைக்குக் கழனித்தண்ணி கொண்டுபோகிற வழியில் நின்றாள். சந்தனம் அவளுக்கு முன்பே முழுக்கப் படித்துக் காட்டியிருந்தாள் போலிருக்கிறது. "ஏனுங்க, கடேசிப் பக்கத்துலயும் ஒரு அம்மா இருக்குது. உட்டுட்டீங்க பாருங்க" என்றாள் அம்மா.

அப்பா அதையும் சுரண்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுக்கிறாளே என்று.

"அப்படியே நகல் எடுக்கட்டுங்களாப்பா?" என்றாள் சந்தனம்.

"ஒரு எழுத்து மாறப்படாது."

கட்டுரை முதலாவதாக வந்தது.

ஆண்டு விழாப் பந்தலில் ஊரே இருந்தது. மேடையில் ஹெட்மாஸ்டர் யாக்கோபு சார், கோட்டயத்துக்காரர். பக்கத்தில் தலைமை விருந்தினரான பிளாக் அதிகாரி. இருவருக்கும் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. எங்கள் ஊரில் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும், ஒரே ஒருவரைத் தவிர. அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். "இது தமிழ் நாக்கு, மடங்காது" என்று இத்தனை வருஷமாக மலையாளத்தைக் காதுக்குள் விடாமல் காத்துவருகிறார். ஆபீஸ் காரியம் எதுவானாலும் கூடவே அம்மா போய் மொழிபெயர்ப்பாள்.

சந்தனம் வாசிக்க ஆரம்பித்தாள். அப்பா முன்வரிசையில் புதுச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கள் வீட்டில் நம் பண்பாடு தவறாமல் காக்கப்படுகிறது. விடியும் முன்பே அப்பா எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார்."

பந்தல் ஒரு நிமிஷம் யோசித்தது.

"வெள்ளிக்கிழமைகளில் அப்பா தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, நீண்ட கூந்தலை ஆற்றும்போது வீடே மணக்கும்."

அப்பா துண்டை எடுத்து மெதுவாக வழுக்கையை மூடினார்.

"எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. கிழிந்த சேலைகளை அடுக்கி அப்பா விரிப்பு தைப்பார். வறட்டியை அப்பாவைப் போல் வட்டமாகத் தட்ட இந்த ஊரில் ஆள் இல்லை."

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தே விட்டார். "ஏனுங்க கமலாக்கா, இப்படியொரு புருசனை எங்களுக்குக் காட்டாமயே வெச்சிருந்தீங்களே!"

"கண்ணு பட்டுப் போயிருமுங்க" என்றாள் அம்மா.

சிரிப்பு அடங்க நேரமானது. கடைசிப் பக்கம் வந்தது. நான் வளர்ந்த விதம்.

"சின்ன வயதில், அடுப்படியில் அப்பா அழுவது புகையினால் என்று நினைத்திருந்தேன். இப்போது வளர்ந்துவிட்டேன். எல்லாக் கண்ணீரும் புகையினால்தானா என்று சந்தேகம் வருகிறது. புகை இல்லாமல் ஒரு நாள் பார்த்தால்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த 'ப்பா'வுக்கு அடியில் என்ன எழுத்து இருந்தது என்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரிக்கு மட்டும் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹெட்மாஸ்டரின் காதில் ஏதோ சொன்னார். யாக்கோபு சார் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: "இனி ஸ்ரீ காளிச்சாமி சம்ஸாரிக்குன்னதாயிரிக்கும்."

மலையாளத்தில் சம்ஸாரம் என்றால் பேச்சு. காளிச்சாமி இனிப் பேசுவார் என்றுதான் சொன்னார். அப்பாவின் தமிழ்க் காதில் விழுந்தது 'காளிச்சாமி சம்சாரம்' மட்டும்.

"கமலா, சம்சாரத்தைக் கூப்புடறாங்க! வா, வா, சீக்கிரம்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேடையேறினார். அம்மா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாகப் பின்னால் போனாள்.

பொன்னாடை விழுந்தது. அதிகாரி மலையாளத்தில் பேசினார். ஆண்பிள்ளையாக இருந்தும் அடுப்புப் புகையில் கண்ணீர் வடிக்கும் இந்த உத்தமருக்கு, எங்கள் பிளாக்கின் முதல் சாண வாயு அடுப்பை அவர் பேரில் அரசாங்கமே அமைத்துத் தரும், வெளியூர் ஜனமெல்லாம் வந்து பார்க்கும் என்றார். வாயுவுக்கு அவர் சொன்ன சொல் 'வாதகம்'. கடைசியில் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "சம்மதமாணோ?"

அந்த ஒரு சொல் மட்டும் அப்பாவுக்குப் புரிந்தது. அம்மா பக்கம் சாய்ந்தார். மைக் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எதுக்குச் சம்மதம்? சாதகம், சாதகம்ங்கறாரு?"

"சாதகந்தானுங்க. உங்க பேர்ல நம்ம ஊட்டு வாசல்ல கவர்மெண்டே ஒண்ணு கட்டிக் குடுக்குதாமுங்க. அசலூர்ல இருந்தெல்லாம் சனம் வந்து பாக்குமாமுங்க."

"என்ற பேர்லயா?"

"ஆமாங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா வேண்டாம்னு சொல்லீறட்டுங்களா?"

"அட, சித்தெ இரு! எவ்வளவு ஒசரமாம்?"

அம்மா அதிகாரியிடம் மலையாளத்தில் கேட்டாள். திரும்பினாள். "மொதல்ல ரெண்டாள் ஆழத்துக்குக் குழி தோண்டோணுமாமுங்க."

"அஸ்திவாரமே அத்தனையா!" அப்பாவின் மார்பு பொன்னாடைக்குள் விரிந்தது. "கட்டச் சொல்லு!"

கைதட்டலில் பந்தல் ஆடியது. இருபாஷையும் தெரிந்த ஊர் முழுக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமியது. நான் மட்டும் எழுந்து நின்றேன். ஏமாற்று என்றால், அம்மாவே செய்தாலும் ஏமாற்றுதானே? ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தவள், அதற்கு முன் அம்மா சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பொய் ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

குழி வெட்ட ஆள் வந்தபோது அப்பாதான் மேஸ்திரி. "நல்லா ஆழமா வெட்டுங்கப்பா, ஆடப்படாது பாரு" என்று கரையில் நின்று அதட்டினார். தூணா, வளைவா என்று பொன்னாத்தாள் வேலியோரம் நின்று கேட்டபோது, "அது அவங்க மரியாதையைப் பொறுத்ததுங்க" என்றார். அப்புறம் மாட்டுவண்டியில் பானையைக் கவிழ்த்தது போல ஒரு பெரிய இரும்பு டிரம் வந்து இறங்கியது. கூடவே குழாய். குழாயின் மறுமுனை அடுப்படிக்குள் போயிற்று.

"கமலா!"

"ஏனுங்க?"

"இது என்னது?"

"உங்க பேர்ல கட்டுனதுங்க."

"நீ எங்கிட்டப் பொய் சொன்னே!"

"எதுங்க பொய்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் இருந்தது, பாவம். "நீ தர்க்கம் படிக்கறவ. நீயே சொல்லு அம்மிணி."

"பொய் இல்லீங்கப்பா" என்றேன். வாழ்க்கையிலேயே என் வாதம் இத்தனை சுருக்கமாக முடிந்தது அன்றுதான்.

"அப்படீன்னா கேட்டுக்கங்க எல்லாரும். இந்த அடுப்புல ஆக்குன சோத்தை இந்தக் கை தொடாது!"

"சரிங்க" என்றாள் அம்மா.

சில வாரங்களில் நீலச் சுடர் எரிந்தது. முதல் நாள் காப்பி வந்தது. அப்பா மோந்து பார்த்தார். காப்பி சோறு இல்லை என்று அவருக்கே தோன்றியது, குடித்தார். தோசை வந்தது. தோசை பலகாரம். உப்புமாவும் அப்படித்தான். மூன்றாம் நாள் மத்தியானம், சாம்பாரைச் சோற்றில் ஊற்றினால்தான் சோறு, கிண்ணத்தில் தனியாக இருந்தால் குழம்பு என்று அவர் ஆரம்பித்தபோது அம்மா பேசாமல் இலையில் சோற்றைப் போட்டாள். அவரும் பேசாமல் பிசைந்தார். இத்தனை நுட்பமான தர்க்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சந்தனம் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணைத் துடைக்கத்தான் செய்தாள். ஆனால் அது சாம்பார்ச் சோற்றைப் பார்த்து அடக்கமுடியாமல் சிரித்ததால்.

ஊர் பார்க்க வந்தது. எலப்புள்ளியிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும்கூட வந்தார்கள். அப்பா ஒவ்வொருவரையும் டிரம்மைச் சுற்றி அழைத்துப்போய், "எல்லாம் நம்ம ஏற்பாடுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா, மறுபடியும் அதே அநியாயம்! இப்பவாச்சும் நீ கேக்கோணும்!"

"நீ கம்முனு இரு கண்ணு" என்றாள் அம்மா. அன்றிரவு சோறு போடும்போது அப்பாவிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: "ஏனுங்க, ஊர்சனம் வந்து நிக்கறப்ப நான் சாணி கரைச்சா, இது உங்க ஏற்பாடுன்னு எவன் நம்புவான்? சிரிப்பானுங்கல்ல?"

அப்பாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நான் காலேஜுக்குக் கிளம்பும் நாளன்று காலையில் பிளாக் அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார். குழிக்கரையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, சாணி கரைக்கும் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு நின்றிருந்தார். அதிகாரி நெகிழ்ந்து போய்க் கேட்டார்: "தெவசவும் சாணகம் கலக்குன்னது ஆரா?" தினமும் சாணி கரைப்பது யார் என்று.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டு நின்றாள். மொழிபெயர்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். அப்பாவுக்கு அன்றைக்கு மலையாளம் புரிந்துவிட்டது. கட்டி ஒன்றை நசுக்கிக் கரைத்துக்கொண்டே பதில் சொன்னார்:

"சித்தெ அக்கட்டால நில்லுங்க சார், பேண்டுல தெறிச்சுரும்."