வெதுவெதுப்பான பின் இயங்கும்

அரசு அலுவலகத்துக்குள் நுழைவது கஷ்டம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாவது நுழைந்துவிடலாம். அங்கிருந்து கிளம்புவதற்குத்தான் நிஜமான சாமர்த்தியம் வேண்டும். மாறுதல் உத்தரவு கையில் இருந்தால் மட்டும் போதாது. நம் பொறுப்பில் உள்ள சாமான்கள் எல்லாம் பட்டியலில் எழுதியிருக்கிறபடியே இருக்கின்றன என்று அடுத்து வருகிறவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை போகிறவர் போகாதவர், வந்தவர் வராதவர்.

வசிப்பிடச் சான்று அலுவலகத்தில் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் ஸ்டோர் மேடம் என்று கூப்பிட்டார்கள். தங்கள் வீட்டில்தான் தாங்கள் குடியிருக்கிறோம் என்று மக்கள் வந்து நிரூபித்துவிட்டுப் போகிற இடம் அது. மேடத்தின் கணவரும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். மேடம் இங்கே தம்பி வீட்டில் தங்கி வேலை பார்த்தார். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் குழந்தை செல்போனைக் காட்டுமாம். கணவர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். கேட்ட மேடத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. அலையாய் அலைந்து, ஒருவழியாக மாறுதல் வாங்கினார்.

அவர் இடத்துக்கு வந்த எழுத்தர் கறார் பேர்வழி. நாற்காலியைக் குப்புறப் போட்டுக் காலை ஆட்டிப் பார்த்தார். பீரோவைத் தட்டிப் பார்த்தார். கடைசியாகக் காத்திருப்புக் கூடத்துக்கு வந்தார். அங்கே சுவரில் மாட்டியிருந்த டிவியில்தான் டோக்கன் எண் வரும். பட்டியலில் ‘தொலைக்காட்சிப் பெட்டி, ஒன்று. நிலை: நன்கு இயங்கும்’ என்று இருந்தது. பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அவ்வளவுதான்.

“மேடம், இது நன்கு இயங்கலையே.”

“மத்தியானம் இயங்கும் சார்.”

“பட்டியல்ல மத்தியானம்னு போடலையே.”

மனுஷன் சொன்னது நியாயம்தான். சில மாதங்களாகவே அந்த டிவி அப்படி. காலையில் விளக்கு மட்டும் சிமிட்டும். உச்சி சாய்ந்து, ஜன்னல் வழியாக வெயில் அதன் முதுகில் விழுந்த பிறகே உயிர் வரும், எண் வரும், வேலை ஆரம்பிக்கும். திரையில் வராத எண்ணை வாயால் கூப்பிடக் கூடாது என்று விதி இருந்ததால் ஊழியர்கள் காலை முழுக்க மனவேதனையோடு ஓய்வெடுத்தார்கள். மக்களும் புகார் சொல்லவில்லை. அரசு அலுவலகம் என்றால் மத்தியானம்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேடத்தின் தம்பி டிவி மெக்கானிக். நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற ஜாதி. போனிலேயே திரை போய்விட்டது என்றான். நேரில் வந்ததும் மெயின் போர்டு என்றான். பிறகு ரிமோட்டைச் சந்தேகப்பட்டான். வெயில் பட்டால் வருகிறது என்று மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அக்கா, பவர் சப்ளை போர்டுல ரெண்டு கெப்பாசிட்டர் தலை வீங்கி நிக்குது. சூடானாத்தான் அதுங்களுக்கு உசிர் வருது. மாத்திட்டா முடிஞ்சுது.”

மாற்ற வேண்டுமானால் மூடியில் ஒட்டியிருக்கிற அரசு முத்திரையை உடைக்க வேண்டும். மேடம் அனுமதி கேட்டு அலுவலரிடம் போனார். அலுவலர் அப்போதுதான் ‘நேர்மறை நிர்வாகம்’ என்ற பயிற்சிக்குப் போய்விட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தோடு திரும்பியிருந்தார். தன் அலுவலகத்தில் எதுவும் பழுது கிடையாது என்றும், அப்படி ஏதாவது இருந்தால் அதை ‘வளர்ச்சிக்கு வாய்ப்புள்ள நிலை’ என்றே எழுத வேண்டும் என்றும் சொன்னார். மேற்படி தொலைக்காட்சிப் பெட்டி காலை வேளைகளில் வளர்ச்சிக்கு மிகுந்த வாய்ப்புள்ள நிலையில் இருப்பதாக மேடம் எழுதி அனுப்பினார். தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

மேடம் விடவில்லை. எழுதி எழுதி ஒரு நிபுணர் குழுவை வரவழைத்தார். குழு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. டிவி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்க்கச் சொன்னால், காலை நேரம் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டது என்றார்கள். மேடம் டிவியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, அதன் முதுகுக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். குழு டீ குடித்து முடிப்பதற்குள் டிவி ஆறிப்போய்க் கண் சிமிட்டியது. உடனே கைப்பையிலிருந்து முடி உலர்த்தும் மிஷினை எடுத்துச் சூடான காற்றை அடித்தார். டிவி ஓடியது. குழு வாயைப் பிளந்தது.

“பார்த்தீங்களா சார், இது பழுதுதானே?” என்றார் மேடம்.

குழுத் தலைவர் கண்ணை மூடி யோசித்தார். “நானே காலையில சூடா ஒரு டீ குடிச்சாத்தான் இயங்கறேன். அதுக்காக என்னைப் பழுதுன்னு சொல்லுவீங்களா?”

சொல்லலாம் போலத்தான் மேடத்துக்கு இருந்தது. தலைமைக் கிடங்கிலிருந்து புது பவர் போர்டு உரிய காலத்தில் வரும் என்று ஆறுதல் கூறிவிட்டுக் குழு கிளம்பியது.

உரிய காலம் என்றால் என்ன என்று மேடத்துக்குத் தெரியும். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை உள்ளே கூட்டிப்போய், முத்திரையை வெந்நீர் ஆவி காட்டிப் பதமாகப் பிரிக்கச் சொன்னார். தம்பி வீங்கியதைக் கழற்றிப் புதிதை வைத்துப் பற்றவைத்து, பழையபடியே ஒட்டிவிட்டான். பொத்தானை அழுத்தியதும் டிவி வந்தது. மேடம் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்.

திங்கட்கிழமை காலையில் புது எழுத்தர் வந்தார். அவருக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து குழுவின் அறிக்கைப்படி திருத்திய பட்டியல் வந்திருந்தது. ‘தொலைக்காட்சிப் பெட்டி, ஒன்று. நிலை: வெதுவெதுப்பான பின் இயங்கும்.’

பொத்தானை அழுத்தினார். டிவி பளிச்சென்று வந்தது. எழுத்தரின் முகம் இருண்டது.

“மேடம், இது முன்னாடியே இயங்குதே.”

“நல்லதுதானே சார்?”

“நல்லது கெட்டது பார்க்க நான் யாரு? பட்டியல்ல இருக்கிற டிவி இது இல்லை. அந்த டிவி எங்கே?”

வெளியே இன்னொரு கூத்து. எண்கள் காலையிலேயே ஓடி முடிந்துவிட்டதால், வழக்கம்போல மத்தியானம் வந்த மக்கள் கொதித்துப் போனார்கள். இத்தனை நாள் ஒழுங்காக இருந்த டிவியை யார் கெடுத்தது என்று கேட்டு மனு எழுதிக் கொடுத்தார்கள்.

மேடம் தம்பியிடம் ஓடினார். பழைய கெப்பாசிட்டர்கள் குப்பை வண்டியில் போய்விட்டன. அவன் கடையையே புரட்டி, கெட்டுப்போனதாகப் பார்த்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஒன்றில் டிவி மத்தியானமும் வரவில்லை. இன்னொன்றில் காலையிலேயே வந்து தொலைத்தது.

“நல்லது கேட்டா எங்கே வேணாலும் வாங்கிட்டு வருவேன்கா. இவ்வளவு கச்சிதமா கெட்டதுக்கு நான் எங்கே போறது?” என்று தலையில் கை வைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் தலைமைக் கிடங்கிலிருந்து புது பவர் போர்டு வந்து சேர்ந்தது. ‘சோதிக்கப்பட்டது, தரமானது’ என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இனி எல்லாம் போச்சு என்று மேடம் நினைத்தார். கிடங்கு ஆளே வந்து மாட்டினார். காலை வேளை. பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். மேடம் முடி உலர்த்தும் மிஷினை எடுத்துச் சூடான காற்றை அடித்தார். டிவி வந்தது.

எழுத்தர் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். முடி உலர்த்தும் மிஷினையும் விட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். கழுத்துச் சங்கிலியைக் கேட்டிருந்தாலும் மேடம் கழற்றிக் கொடுத்திருப்பார்.

புது ஊரில் முதல் நாள். காலையில் மகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளைச் சமாதானப்படுத்திவிட்டு மேடம் சிரித்த முகமாக வேலையில் சேரப் போனார். மாறுதலில் போகவேண்டிய இளைஞன் பெட்டியோடு காத்திருந்தான். மனைவிக்கு இது பிரசவ மாதம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். மேடத்துக்கு மனம் இளகியது. கடகடவென்று சரிபார்த்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார். ‘பதிவேட்டு அறை, ஒன்று. நிலை: மழைக்கு ஒழுகும்.’

மேடம் அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு கறைகூட இல்லை.

“நான்தான் மேடம் சிமெண்ட் பூசினேன். பாவம், பதிவேடெல்லாம் நனையுதேன்னு,” என்றான் இளைஞன்.

மேடம் பேனாவை மூடினார். ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“மழை வரட்டும் தம்பி. ஒழுகினா கையெழுத்துப் போடறேன்.”