பேலன்ஸ் அண்ணன் விமானம் ஏறியபோது

சாதி, மதம், பணம், பதவி எதையும் பார்க்காமல் எல்லா மனிதரையும் ஒரே கண்ணால் பார்ப்பவர் எங்கள் கூடலூரில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பார்ப்பது எடையை மட்டும்.

கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டும் அவரை நாங்கள் பேலன்ஸ் அண்ணன் என்போம். ஞானஸ்நானப் பெயர் பங்குத்தந்தைக்குத்தான் தெரியும். குமுளிப் பள்ளிக்கூட வாத்தியாரான நான், ஏலத்தோட்டத்துக்குப் போகும் வேலையாட்களோடு தினமும் அந்த ஜீப்பில்தான் மலையேறுகிறேன். ஏற வருகிறவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு “இங்கன”, “அங்கன” என்று கை காட்டுவார். மாறி உட்கார்ந்தால் வண்டி கிளம்பாது. ஒரு புது மாப்பிள்ளையை முன்னாலும் பெண்ணைக் கடைசியிலும் உட்கார வைத்து, மலை ஏறி முடியும்வரை இருவரும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டார். கட்சிப் பிரமுகர் ஒருவர், நான் யாரென்று தெரியுமா என்று கேட்டார்.

“தொண்ணூத்தஞ்சு கிலோ. நடுவுல வாங்க” என்றார் அண்ணன்.

சக்கரம் தரையில் படாத எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லித் திரிந்த இந்த மனிதரை ஒரு போன் அசைத்துவிட்டது. அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா லட்சத்தீவில் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைப்பிரசவம். தாயில்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்ய என்று அங்கேயே தங்கிவிட்ட பெண், வலி முன்கூட்டியே வரலாம் என்று டாக்டர் சொன்னதும், அப்பா பக்கத்தில் இருந்தால் தேவலை என்றிருக்கிறாள். கப்பலுக்குக் காத்திருந்தால் பிள்ளை பிறந்துவிடும். கிடைத்தது ஒரு குட்டி விமானம்.

“நீங்க பறந்தவுக சார், கூட வாங்க” என்று என்னைக் கூப்பிட்டார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒருமுறை பறந்ததை ஜீப்பில் நான் பலமுறை அளந்திருக்கிறேன். வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. இப்போது எப்படிச் சொல்வது?

கொச்சியில் பெட்டியை மட்டுமல்ல, ஆட்களையும் நிறுத்தி எடை போட்டார்கள். அண்ணன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. வெவரம் தெரிஞ்சவுக என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். உள்ளே பத்தொன்பது இருக்கைகள்தான். கதவைச் சாத்தியதும் முன்வரிசையில் இருந்த கனத்த வியாபாரி ஒருவர், சிநேகிதரோடு பேசக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அண்ணன் எழுந்துவிட்டார். துணை விமானி வந்து உட்காரச் சொன்னார். இவர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில், பின்பாரம் கூடினால் மூக்கு தூக்கும் என்று பாடமே எடுத்தார். நான் வெட்கத்தில் இருக்கைக்குள் புதைந்தேன். துணை விமானி கையிலிருந்த எடைக் கணக்குத் தாளைப் பார்த்தார். வியாபாரியைப் பழைய இடத்துக்கே போகச் சொன்னார். அதன்பிறகு அந்த விமானத்துக்கு மூன்று ஓட்டுநர்கள்.

நடுக்கடலுக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் தடதடத்தது. திடீரென்று பள்ளத்தில் இறங்கியதுபோல் கீழே விழுந்தது. நான் அலறப்போனேன், அண்ணன் என் கையை இறுகப் பற்றினார்.

“கண்ண மூடுங்க சார். நாம இப்ப குமுளி மலை ஏறுறோம். இது மாதா கோயில் வளைவு. அடுத்து இரைச்சல் பாலம், லேசாத் தூக்கிப் போடும்.”

தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு வளைவின் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். குமுளி பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு என்றதும் துணிந்து கண்ணைத் திறந்தேன். அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வலது கால், இல்லாத பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் எனக்காகத் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெருவயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். வலி அப்போதுதான் லேசாகத் தொடங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அழுதாள், அழுதுகொண்டே, “பயந்தீகளாப்பா?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன பயம்? சார்தான் பாவம், வழியெல்லாம் என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தாக.”

அதைச் சொல்லும்போதும் அவர் கை என் கையை விட்டிருக்கவில்லை.

“ஆமாம்மா, ரொம்பப் பயந்துட்டேன். உங்கப்பாதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாக” என்றேன்.