மேல்படியில் ஒரு மூலக்கூறு

வெறும் சோம்பேறிகளைப் பற்றி எழுத நான் வரவில்லை. அவர்கள் அப்பாவிகள், முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்த இனம் வேறு. இது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. ஏன் அசையவில்லை என்று கேட்டால் பிரபஞ்சத்தையே சாட்சிக்கு இழுக்கும். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். எனக்கு வாய்த்தது எதிர்வீட்டுப் பேராசிரியர்.

மூலக்கூறுகளுக்கிடையே ஆற்றல் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் கல்லூரியில் அவர் நடத்தும் பாடம். நன்றாகவே நடத்துவார். ஒரு பெட்டி நிறைய வாயு. அதற்குள் இருக்கும் ஆற்றலோ ஓர் அளவுதான். அதை யாரும் சமமாகப் பங்கு போடுவதில்லை. பெருங்கூட்டம் கொஞ்ச ஆற்றலோடு கீழ்ப்படியில் கிடக்கும், மேலே போகப் போகக் கூட்டம் மெலியும், உச்சியில் ஒன்றிரண்டு மட்டும் தலைதெறிக்க ஓடும். யாரும் உத்தரவு போடவில்லை. எத்தனையோ விதமாகப் பிரியலாம், ஆனால் இப்படிப் பிரிவதற்குத்தான் வழிகள் ஏராளம். மாணவர்கள் இதைப் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். பேராசிரியர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

காலையில் அவர் மனைவி அடுப்பை அணைத்து, மகளை எழுப்பி, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, துணியைக் காயப்போட்டு, தானும் வேலைக்கு ஓடுவார். பேராசிரியர் நாற்காலியில் சம்மணம் போட்டு அந்த ஓட்டத்தை வாஞ்சையோடு பார்ப்பார்.

"அந்த வாளியையாவது தூக்கி வைக்கக் கூடாதா?"

"நான் என்னம்மா பண்றது? எந்தக் கூட்டத்துலயும் மேல்படியில ஒண்ணு ரெண்டு பேர்தான் நிப்பாங்க. நம்ம வீட்ல அது நீ. இயற்கை!"

பாராட்டாம் இது.

அந்த அம்மாளும் அவரோடு ஒரே வகுப்பில் இதே பாடத்தைப் படித்தவர்தான். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பாதி எழுதி, மகள் பிறந்ததும் கட்டிப் பரணில் போட்டவர். பேராசிரியரின் ஆராய்ச்சி மட்டும் முடிந்தது. வீட்டில் இன்னொருவர் ஓடியதால் முடிந்தது. நன்றியுரையில் அதை 'இனிய குடும்பச் சூழல்' என்று குறிப்பிட்டிருந்தார்.

பாதியில் விட்டவர்கள் வந்து முடிக்கலாம், இதுவே கடைசி வாய்ப்பு என்று இந்த வருடம் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்தித்தாள் இரவல் வாங்கப் போயிருந்தபோது அம்மாள் சொன்னார்: "நாளையிலேருந்து சாயங்காலம் நான் ஆய்வுக்கூடத்துக்குப் போறேன். வீட்டை நீங்க பாத்துக்கங்க."

பேராசிரியர் பதறவில்லை. "அதெப்படிம்மா? பங்கீடுன்னு ஒண்ணு இருக்கே!"

"இருக்கு. பங்கீடு மாறாது. ஆனா மேல்படியில நிக்கிறது எப்பவும் ஒரே மூலக்கூறுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? ஒண்ணோட ஒண்ணு மோதி, மேல இருக்கிறது கீழ வரும், கீழ கிடக்கிறது மேல போகும். இத்தனை வருஷமா பாதிப் பாடத்தையே நடத்திட்டிருக்கீங்க."

அதுவரை அவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மாள் கிளம்பினார். மாத்திரையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டு படியிறங்கினார். பேராசிரியர் எழுந்தார். ஆமாம், எழுந்தார்! சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் பார்த்தார். பாத்திரங்கள் அவரைப் பார்த்தன. நேராகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளிடம் வந்து தோளில் கைவைத்தார்.

"கண்ணு, மோதல்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? அம்மாகிட்ட இருந்த ஆற்றல் இப்போ உன்கிட்ட வந்திருக்கு."

பாதிப் பாடத்தை முழுப் பாடமாக்கச் சொன்னால், மீதியையும் தனக்குத் தோதாகவே வளைத்துக்கொள்வதுதான் இந்த இனத்தின் கெட்டிக்காரத்தனம்.

திரும்பி வந்த அம்மாள் மகளின் ஈரக் கைகளைப் பார்த்தார். அடுத்த நாள் மகளையும் புத்தகங்களோடு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பேராசிரியரும் அவர் அப்பாவும் மட்டும். பேராசிரியர் தள்ளாத தகப்பனாரை நம்பிக்கையோடு பார்க்க ஆரம்பித்தார்.

"என்னடா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லப்பா. முன்னைக்கு இப்போ நல்லாத் தெம்பா இருக்கீங்களேன்னு..."

பெரியவர் சட்டென்று கண்ணை மூடிக் குறட்டை விட்டார். மகன் யாரிடம் கற்றான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு வழியின்றிப் பேராசிரியரே பாத்திரம் தேய்த்தார். இரண்டு தட்டு உடைந்தது. கெடு முடிவதற்குள் அம்மாள் ஆய்வை முடித்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து இதைப் படிக்கிற இந்த நேரத்தில், உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்கிறதே, அங்கே நிற்பது யார்?