யாரும் குடிக்காத மோர்

அந்த வெள்ளிக்கிழமை ஷெட்டில் இருந்தவர்களை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலாளி, மேஸ்திரி, சிதம்பரத்திலிருந்து வந்த சமையல்காரர், அஞ்சலை, தராசடியில் நான், தரையில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு முப்பது பேர். நடுவில் ஓர் அண்டா மோர்.

கடலூர் முதுநகரில் ஆட்களைப் படுத்தி எடுத்த முதலாளிகள் எத்தனையோ பேர். அவர்களைச் சாடைமாடையாக நாலு வார்த்தை வைதால் மனசு ஆறிவிடும். நல்ல எண்ணத்தோடு படுத்தி எடுத்தவர் என் ஆயுசில் இவர் ஒருவர்தான். இவரை வையவும் முடியாது. அதுதான் பெரிய அலுப்பு.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அறுபதுகளில் இவரிடம்தான் எடை போடும் வேலை. காடாம்புலியூர்ப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வரும். வறுத்துக் கொட்டினால் பெண்கள் மரக் கொட்டாப்புளியால் தட்டி உடைத்துப் பருப்பை எடுப்பார்கள். ஓட்டில் கசியும் எண்ணெய் விரலைத் தின்றுவிடும். எடைக்கு ஏற்ற கூலி. எடை குறைந்தால் பெண்கள் என்னைத் திட்டுவார்கள். கூடினால் மேஸ்திரி திட்டுவார். இரண்டும் இல்லாத நாளில், ஏன் யாரும் திட்டவில்லை என்று தராசை மறுபடி சரிபார்ப்பேன்.

முதலாளிக்கு எந்நேரமும் எங்கள் உடம்பைப் பற்றியே யோசனை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போகிறதே என்று ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டார். மணி அடித்தால் எல்லாரும் எழுந்து காலை உதற வேண்டும்.

"ஒதறுங்கம்மா, நல்லா ஒதறுங்க! ரத்தம் ஓடணும்!"

"ரத்தம் ஓடுது மொதலாளி. கூலிதான் நின்னுபோவுது" என்பாள் அஞ்சலை.

அடுத்து, புகை மூக்கில் ஏறக்கூடாதென்று ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்து மூக்கை மறைத்துக் கட்டச் சொன்னார். மறுநாளே பாதித் துணி எங்கள் பிள்ளைகளின் இடுப்புக்குப் போய்விட்டது. அவர் அதைக் கண்டு கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டுத் துணி வாங்கி வந்தார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

அஞ்சலை எங்களில் வாய்க்காரி, குப்பத்துப் பெண். கட்டுமரம் மோதிப் புருஷனுக்குக் கால் முறிந்து, அவன் பாயோடு பாயாகக் கிடந்தான். இவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் கோடையில் இரண்டு முறை உடைத்த ஓட்டின் மேலேயே மயங்கி விழுந்தாள். காய்ச்சல், நீர்க்கடுப்பு. ஆஸ்பத்திரியில் "தண்ணி நெறைய குடி" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

ஏன் சிரித்தாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஷெட்டுக்கு முன்னால் ரோடு. பக்கத்தில் படகு கட்டும் இடம், எந்நேரமும் ஆண்கள் நடமாட்டம். பின்னால் உப்பனாறு. ஆண்கள் சுவரோரம் போய்விட்டு வருவார்கள். பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. விடியுமுன் போனால் மறுபடி இருட்டிய பிறகுதான். அதனால் ஷெட்டில் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. இதை முதலாளியிடம் யார் சொல்வது? அந்தப் பேச்சையே ஆண்பிள்ளைகள் முன்னால் எடுக்கமாட்டோம். கட்டின புருஷனிடமே கண்ஜாடைதான்.

முதலாளி தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். "வெயில்ல வெறும் வயித்தோட குந்தினா மயக்கம் வராம என்னா வரும்?" மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பானை மோர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. உப்பு ஜாஸ்தியோ என்று குறைத்தார். இஞ்சி தட்டிப் போட்டார். கொத்தமல்லி கிள்ளிப் போட்டார். மாங்காய் துருவிப் போட்டார். சாயங்காலம் பானை அப்படியே வீட்டுக்குத் திரும்பும். அவர் வீட்டில் அந்த மாதம் முழுக்க மோர்க்குழம்பு என்று கேள்வி. ஊரில் அவருக்கு மோர் முதலாளி என்று பேர் வந்தது அப்போதுதான்.

ஒருநாள் தராசடிக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"உண்மையச் சொல்லும்மா. துலுக்க வூட்டு மோரு, அதான் ஆவலையா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல மொதலாளி!"

"பின்ன?"

நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரத்து மெஸ் ஒன்றிலிருந்து ஒரு சமையல்காரர், பூணூலும் பித்தளை அண்டாவுமாக வந்து இறங்கினார். முதலாளி அண்டாவுக்குக் கிட்டேயே போகவில்லை. எட்ட நின்று, "ஐயர் கை மோருதான்! நான் தொடல, பாத்துக்கங்க!" என்று கூவினார். யாரும் எழவில்லை. சமையல்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "சிதம்பரத்துல என் மோருக்கு அடிச்சுக்கறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று மேஸ்திரி நுழைந்தார். "மோரும் வெச்சாச்சி மொதலாளி. இதுக்கு மேல இந்த அஞ்சல வுழுந்தா பழி நம்ம தலையிலதான். கணக்க முடிச்சி அனுப்பிடலாம்."

முதலாளி ஒரு கெடு வைத்தார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். அவ மோர் குடிக்கணும். குடிக்கலன்னா வூட்டோட இருக்கட்டும். ஒடம்பாவது மிஞ்சும்."

நல்ல எண்ணம் என்று சொன்னேனே, அது இதுதான். உடம்பு மிஞ்சும், அடுப்பு அணைந்துவிடும். அஞ்சலைக்காவது வேலை போகும் கவலை மட்டும். எனக்கு அவள் கவலை, அவள் புருஷன் கவலை, அடுத்தது நானோ என்ற கவலை.

வெள்ளிக்கிழமை முதலாளி காலையிலேயே வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு ஆசை காட்டவேண்டுமாம். ஒரு டம்ளர் மொண்டு குடித்து, "ஆகா!" என்றார். இன்னொன்று. "அமிர்தம்!" வெயில் ஏற ஏற அவரும் குடித்துக்கொண்டே இருந்தார். அஞ்சலை தலை நிமிராமல் கொட்டையைத் தட்டினாள். உதடு வெடித்திருந்தது.

பகல் தொழுகைக்கு வெகு முன்பே முதலாளி நெளிய ஆரம்பித்தார். ஸ்டூலில் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். கடைசியில் கைலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். ஷெட் முழுக்கக் கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிம்மதியாகத் திரும்பி வந்தவர், வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றார். எங்களைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். படகுக்காரர்களைப் பார்த்தார்.

"அஞ்சல... நீங்கள்லாம்... எங்க?"

"எங்கியும் இல்ல மொதலாளி."

"காலையிலருந்தா?"

"கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடிலருந்தே இங்கதான வேல செய்றோம்."

"யா அல்லா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சமையல்காரர் மெல்லக் கேட்டார்: "அப்போ மோர்ல ஒண்ணும் கொறையில்லையே?"

மேஸ்திரிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. "கெடு முடிஞ்சிபோச்சி மொதலாளி. அஞ்சல கணக்க...?"

"மேஸ்திரி, இப்பிடி வா. மிச்ச மோர நீ குடி. குடிச்சிட்டு பொழுது சாயறவரைக்கும் இந்த ஸ்டூல வுட்டு எழுந்திரிக்காத. அப்புறமா கணக்கு பேசலாம்."

ஆறு டம்ளர் தாண்டுமுன்பே மேஸ்திரியும் பின்பக்கம் ஓடினார். அதன் பிறகு அஞ்சலை கணக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவும் இல்லை.

முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கோடு கக்கூஸ் கட்டினார். எங்கே? ரோட்டைப் பார்த்து, வாசலுக்குப் பக்கத்தில். பச்சை பெயிண்ட் அடித்து, பெரிய எழுத்தில் "பெண்கள்" என்றும் எழுதிவிட்டார். ஒருத்தியும் போகவில்லை.

"இப்ப என்னாம்மா?" என்றார் அழாக்குறையாக.

"கப்பல்லருந்து பாத்தாக்கூட இன்னாரு போறாங்கன்னு தெரியும் மொதலாளி" என்றாள் அஞ்சலை.

இடித்தார். பின்பக்கம் சுவர் எழுப்பி மறைவாகக் கட்டினார். இப்போது வேறொரு தொல்லை. அங்கே போக அவருடைய ஆபீஸ் அறையைத் தாண்டித்தான் வழி. கதவு இல்லாத அறை, வழியைப் பார்த்தபடி அவர் நாற்காலி. முதலாளி கண்ணெதிரில் அங்கே எப்படிப் போவது? மறுபடி தண்ணீர்ப் பானையும் மோர்ப் பானையும் நிறைந்தபடியே நின்றன.

இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு காலையில் நாங்கள் வந்தபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். போய்விட்டு வந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை மறுபடி திருப்பவே இல்லை. வியாபாரிகள் அவர் முதுகோடு பேசினார்கள். சிதம்பரத்திலிருந்து பருப்பு வாங்க வந்த வியாபாரி ஒருவர், பாய் கோபமாக இருக்கிறார் என்று பயந்து, தானாக விலையை ஏற்றிக் கேட்டுவிட்டுப் போனார். காரணத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால், "சுவத்தப் பாத்தா குளுமையா இருக்குப்பா" என்பார்.

அப்புறம் நான் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டேன். எங்கள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த முதலாளிகள் எத்தனையோ பேர். தண்ணீர் குடிக்காமலேயே பாதி வயசு போய்விட்டது, அதன் வலி இன்னும் உடம்பில் இருக்கிறது. மோர் முதலாளியின் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில் இல்லை. முதுகு நன்றாக நினைவிருக்கிறது.