மோதல் இல்லாத மண்டபம்

பெண்கள் கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே, ஒரு சாண் இடைவெளியில், ஒரு தூண் நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைகிறவர் உள்ளே போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

நல்லவேளையாக, தூண் இன்னும் சைட்டில் எழும்பவில்லை. குணாளன் கையிலிருந்த டேப்லெட்டில்தான் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வரி: "மோதல்: 1".

கோலா சாவா பக்கத்து செம்பனைத் தோட்டத்தில் புதுக் கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் குணாளன்தான் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். சுவரை விரலால் தட்டிப் பார்த்தே சிமெண்டில் எவ்வளவு மணல் என்று சொல்லிவிடுவார். காலையில் தொப்பியை மாட்டினால் பொழுது சாயும்வரை சைட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

அதெல்லாம் போன வாரம் வரைக்கும்தான். போன வாரம் சிரம்பான் ஆபீசிலிருந்து இன்ஜினியர் ஷாமினி டேப்லெட்டோடு வந்தாள்.

"இனிமே ஆளுக்கொரு பிளான் கிடையாது அங்கிள். கட்டடத்தை முதல்ல கம்ப்யூட்டருக்குள்ள கட்டிடுவோம். தூண், பைப்பு, வயர் எல்லாம் ஒரே மாடல்ல. ஒண்ணோட ஒண்ணு இடிச்சா அதுவே சொல்லிடும். யார் எதை மாத்தினாலும் சைட்ல இருக்கிற எல்லார் போனுக்கும் போயிடும், அதைப் பார்த்துத்தான் கட்டுவாங்க. இதுக்குப் பேரு பிம். தெரியும்தானே?"

"ஐயோ, அது பழைய கதைலா!" என்றார் குணாளன்.

வேறு என்ன சொல்வார்? தெரியாது என்று உண்மையைச் சொன்ன சூப்பர்வைசர் சந்திரன் இப்போது போர்டிக்சன் கிடங்கில் துருப்பிடித்த ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மேனேஜர் வருகிறார். மாடலையும் மண்டபத்தையும் பார்ப்பார். அதற்குள் இந்தத் தூணை நகர்த்தியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை, கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, குணாளன் ஆள்காட்டி விரலால் தூணை மெல்லத் தள்ளினார். நகர்ந்தது! இரும்பும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். அவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

"மோதல்: 4" என்றது டேப்லெட்.

அடுத்த நிமிஷம் கதவு படாரென்று திறந்தது. பைப் வேலை பார்க்கும் சுல்தான், கையில் போனோடு நின்றார்.

"என்னா அண்ணே, உங்க தூணு என் கழிவுப் பைப்பு மேல ஏறி நிக்குது!"

"நீங்க பைப்பைக் கொஞ்சம் தள்ளிக்குங்க பாய்."

சுல்தான் தள்ளினார். பைப் நேராக மின்சாரப் பெட்டிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. "மோதல்: 19". பத்தாவது நிமிஷம் வயர்மேன் சத்தியசீலன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பாயே, கரண்ட் பெட்டிக்குள்ள கக்கூஸ் தண்ணியா? ஊரையே கொளுத்தப் போறீங்களா?"

"பெட்டியை நகர்த்துங்கலா. என் பைப்பு இறக்கமாத்தான் ஓடணும். உங்க வயர் மரத்துலகூட ஏறும்."

சத்தியசீலன் பெட்டியை நகர்த்தினார். அது சமையலறை பாத்திரத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தது. "மோதல்: 63".

முன்பெல்லாம் இந்த மூவரும் சைட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். பின்னால் வருகிறவர் உளியை எடுத்து உடைத்துக்கொள்வார். இப்போது ஒரே மேசையில், ஒரே டேப்லெட்டில், மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. ரொட்டி சானாய் வந்தது. நுரை பொங்க ஆற்றிய தே தாரே வந்தது. மோதல் நூற்றுப் பதினேழுக்கு வந்தது.

குணாளன் ஆத்திரத்தில் எல்லாத் தூண்களையும் அழித்தார். மோதல் சட்டென்று குறைந்தது. கூரை மட்டும் அந்தரத்தில் நின்றது.

"கூரை விழாதா?" என்றார் சுல்தான்.

"மாடல் ஒண்ணும் சொல்லலையே."

"மாடல் மேலயா விழப்போவுது? நம்ம மேலதான் விழும்!"

தூண்கள் திரும்பி வந்தன. செவ்வாய்க்கிழமையும் கேபினிலேயே போனது. மத்தியானம் சத்தியசீலனுக்குத்தான் யோசனை உதித்தது.

"எல்லாத் தொல்லையும் இந்தக் கக்கூஸாலதான். கக்கூஸையே தூக்கி வேற பக்கம் வச்சா என்ன?"

மூவரும் படத்தை மேலிருந்து பார்த்தார்கள். ஒரு மூலையில் அழகான காலி இடம். தூண் இல்லை, பைப் இல்லை, வயர் இல்லை. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். திரை பச்சையாக மாறியது.

"மோதல்: 0. மூன்று பிரிவினரும் ஒப்புதல் தரவும்."

மூவரும் விரலை வைத்தார்கள். சைட் முழுக்க எல்லார் போனிலும் 'டிங்' என்று மணி அடித்தது. சுல்தான் குணாளனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சத்தியசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒத்துமைன்னா இதுதான் அண்ணே!"

புதன்கிழமை அந்த ஒற்றுமையைக் கொண்டாடுவதிலேயே போனது. கேபினில் கால் நீட்டிப் படுத்தபடி, மோதல் இல்லாத மண்டபத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் குணாளன் விரல் பட்டு மாடல் பக்கவாட்டில் சாய்ந்தது. முன்வாசல் தெரிந்தது. வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. எதிரே மேடை. மேடைக்கு நட்ட நடுவில், மாப்பிள்ளையும் பொண்ணும் உட்காரும் இடத்தில், ஐநூறு பேரைப் பார்த்தபடி, ஒரு கக்கூஸ் கோப்பை.

"யா அல்லா!" என்றார் சுல்தான்.

"பழையபடி மாத்துங்க, மாத்துங்க!" என்று கத்தினார் சத்தியசீலன்.

குணாளன் அழுத்தினார். "மூன்று பிரிவினர் ஒப்புதல் தந்துவிட்டதால் பூட்டப்பட்டது" என்றது டேப்லெட்.

அன்றைக்கு வீட்டில் குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் துருப்பிடித்த ஆணிகளாகத் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஷாமினி வந்ததும், மூவரும் கைகட்டி நின்றார்கள். குணாளன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிம் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஷாமினி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அங்கிள், இது பயிற்சி மாடல்! எல்லாரும் கை பழகட்டும்னு இந்த வாரம் ஒரு நகல் குடுத்தேன். மெயில்ல போட்டிருந்தேனே, படிக்கலையா? நிஜ மாடல் என்கிட்ட பத்திரமா இருக்கு. நீங்க பண்ணின விளையாட்டால எதுவும் ஆகலை."

குணாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பயிற்சி... வெறும் பயிற்சி!" சுல்தான் மேசையைத் தட்டிச் சிரித்தார். சத்தியசீலன் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாததைத் தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்" என்றாள் ஷாமினி. "திங்கட்கிழமை நானே உட்கார்ந்து சொல்லித் தர்றேன்."

வெளியே கார் வந்து நின்றது. தோட்டத்து மேனேஜர் இறங்கினார். நாலு நாளாகக் கேபினுக்குள்ளேயே கிடந்த தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, குணாளன் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார்.

"வாங்க சார், வாங்க! மண்டபத்தை நேராவே காட்டிடறேன். ஒரு குறை இருக்காது!"

அப்போது சைட்டைக் கூட்டிப் பெருக்கும் ராக்கம்மா, விளக்குமாறும் வாளியுமாக மண்டபத்திலிருந்து வேகவேகமாக வந்தாள்.

"சூப்பர்வைசர் ஐயா, மேடையில கட்டியிருக்கிற கக்கூஸுக்கு எப்பத்தான் கதவு போடுவீங்க? ரெண்டு நாளா எல்லாரும் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுல்ல உட்கார்றாங்க!"